பொறி இல்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வேகமாகப் பத்துத் தடவை அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். அங்கே அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. இருந்த இடம் போதாமல் நெருக்கப்பட்ட காற்று சூடாகிறது, அவ்வளவுதான். மலேயாவிலும் போர்னியோவிலும் வாழ்ந்த மக்கள் இந்த உண்மையை வைத்துக்கொண்டே நெருப்பு மூட்டினார்கள். மூங்கிலிலோ கொம்பிலோ செய்த ஒரு சிறு குழல். அதற்குள் இறுக்கமாகப் போய் வரும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் எளிதில் பற்றக்கூடிய கொஞ்சம் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு உடனே தண்டை வெளியே இழுத்தால் பஞ்சு கனன்றுகொண்டிருக்கும்.

டீசல் யந்திரம் என்பது அந்தக் குழலும் தண்டும்தான். பெட்ரோல் காரில் நெருப்பை மூட்ட ஒரு மின்சாரப் பொறி வேண்டும். டீசல் காரில் அது கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறார்கள். அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தத் தருணம் பார்த்து எண்ணெயைப் பூந்தூறலாகத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. பழைய டீசல் காரின் 'கடகட' சத்தம் இருக்கிறதே, அது இப்படிப் பற்றிக்கொள்ளும் சத்தமே தவிர வேறொன்றுமில்லை.

இந்தப் பழைய டீசல் கார்களை வைத்திருப்பவர்களை நீங்கள் கவனித்ததுண்டா? அவர்கள் ஒரு தனி ஜாதி. மற்றவர்களுடைய கார் முனகினால் பட்டறைக்குப் போகும். இவர்கள் தாங்களே பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, வாசலிலேயே இரண்டு ஸ்பேனரையும் ஒரு பழந்துணியையும் வைத்துக்கொண்டு வைத்தியம் செய்வார்கள். முப்பது நாற்பது வருஷம் ஓடிய வண்டியைப் பற்றி, 'இன்னும் ஒரு முப்பது வருஷம் ஓடும்' என்று கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொல்வார்கள். இந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிக்கொண்டு போனால் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போய்ச் சேருகிறோம்.

* * *

ருடால்ப் டீசல் 1858-ஆம் வருஷம் மார்ச் 18-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தகப்பனார் தோல் சாமான்கள் செய்து விற்ற கைத்தொழிலாளி. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு இதுதான் வேர். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே பிழைப்புக்கு வழியில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். மியூனிக் நகரத்துத் தொழிற்கல்லூரியில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியரிடம் பாடம் கேட்டார். குளிர்பதன யந்திரத்துக்குப் புகழ் பெற்றவர் அந்த லிண்டே. நீராவி யந்திரத்தில் எரிக்கிற நிலக்கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மற்றதெல்லாம் வீணாகப் போகிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். நூறு ரூபாய் சம்பாதித்துத் தொண்ணூறு ரூபாயைத் தெருவில் இறைக்கிறவனை என்னவென்று சொல்வது? மாணவன் டீசலின் மனத்தில் அந்தக் கணக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

ஆனால் அவரை வருத்தியது நிலக்கரி வீணாவது மட்டுமல்ல. நீராவி யந்திரம் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுபடியாகும். பெரிய கொதிகலன், உயரமான புகைபோக்கி, நெருப்புத் தள்ளும் ஆட்கள் - இவ்வளவும் இருந்தால்தான் லாபம். தறி வைத்திருப்பவனும் மரம் கடைபவனும் தோல் தைப்பவனும் அதோடு போட்டி போட முடியாமல் கடையைச் சாத்திக்கொண்டு ஆலையில் கூலிக்குப் போனார்கள். சிக்கனமான ஒரு சிறு யந்திரம் கிடைத்தால் சின்னத் தொழிலாளி மறுபடியும் தன் வீட்டிலேயே நிமிர்ந்து நிற்கலாம் என்று டீசல் நம்பினார். கைத்தொழிலாளியின் மகன் கண்ட கனவு அது. 1903-இல் தொழிலாளர்களின் கூட்டுறவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். அச்சிட்டவற்றில் மிகச் சில பிரதிகளே விற்றன.

1893-ஆம் வருஷம் பிப்ரவரியில் அவருடைய யோசனைக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் யந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் பண உதவி செய்தன. அதே வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி முதல் யந்திரத்தைச் சோதித்தார்கள். எண்ணெயை உள்ளே விட்டதுதான் தாமதம், பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம்! அழுத்தத்தை அளக்க வைத்திருந்த கருவி தெறித்துப் பறந்தது. அருகில் நின்றவர்கள் தப்பியது தெய்வாதீனம். வேறு யாராவது இருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். டீசலுக்கோ சந்தோஷம். பொறி இல்லாமலே நெருப்புப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா?

1894 பிப்ரவரி 17-ஆம் தேதி யந்திரம் முதல் முறையாகத் தன் சக்தியில் தானே ஓடியது. ஓடியது ஒரே ஒரு நிமிஷம். அதுவரை தொழிற்சாலையின் பட்டைதான் யந்திரத்தை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது யந்திரம் பட்டையை இழுக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்ட ஒரு தொழிலாளி, வாயைத் திறக்காமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் என்று சொல்வார்கள். அந்த வேலையின் பெருமையை அளக்க அதைவிடச் சிறந்த கருவி இருந்திருக்க முடியாது.

சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17-ஆம் தேதி, பேராசிரியர் ஷ்ரோட்டர் என்பவர் யந்திரத்தைப் பரீட்சை செய்தார். சூட்டில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது. உலகத்தில் அன்றுவரை எந்த யந்திரமும் இதை எட்டியதில்லை.

வெற்றிதான். ஆனால் சின்னத் தொழிலாளி எங்கே? அந்த யந்திரம் இரண்டு ஆள் உயரம் இருந்தது. எடை நாலரை டன். அதைக் கொண்டுபோய் எந்தத் தோல் தைப்பவன் தன் வீட்டுத் திண்ணையில் வைப்பான்? அதை வாங்கியவர்கள் ஆலை முதலாளிகள், மின்சார நிலையக்காரர்கள். பிறகு கப்பல்கள் வாங்கின, நீர்மூழ்கிகள் வாங்கின. யாருக்கு எதிராக அவர் அதைப் படைத்தாரோ அவர்களுக்கே அது வேலைக்காரனாகப் போய்ச் சேர்ந்தது. டீசலும் பெரும் பணம் சம்பாதித்து, தவறான முதலீடுகளில் அதை இழந்து, கடனில் மூழ்கினார். 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட 'டிரெஸ்டன்' என்ற கப்பலில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தம் அறைக்குப் போனார். காலையில் படுக்கை கசங்காமல் இருந்தது, மனிதரைக் காணவில்லை. சில நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டு அதன் பையில் இருந்த பொருள்களை எடுத்துவந்தார்கள். அவை தம் தகப்பனாருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.

* * *

டீசல் யந்திரம் ஏன் அவ்வளவு பருமனாக இருந்தது? எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுவதில்தான் தொல்லை. உள்ளே ஏற்கனவே கடும் அழுத்தத்தில் காற்று நெரிந்துகொண்டிருக்கிறது. அதையும் மீறி எண்ணெயைத் தூவ, அதைவிட அதிக அழுத்தமுள்ள காற்றை ஊத வேண்டியிருந்தது. அந்தக் காற்றைத் தயாரிக்கத் தனியாக ஒரு பெரிய பம்பு. யானையைக் கட்டித் தீனி போட இன்னொரு யானை வேண்டும் என்ற கதைதான்.

இந்த இரண்டாவது யானையை ஒழித்தவர்கள் இரண்டு பேர். பென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பிராஸ்பர் லொராஞ் 1909-இல் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். சிலிண்டரின் தலையில் ஒரு சின்ன முன்னறை வைத்து, நெருப்பை முதலில் அங்கே பற்றவைத்து, பிறகு பெரிய அறைக்குப் பாயவிட்டார். அடுத்தவர் ராபர்ட் போஷ். நாலைந்து வருஷ உழைப்புக்குப் பிறகு 1927-இல் அவர் கம்பெனி ஒரு சிறு பம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெயை மட்டும், காற்றின் துணை இல்லாமல், கணக்காக அளந்து, உரிய நொடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் பம்பு. அதன் உள்ளே இருக்கும் தண்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். பார்த்தீர்களா, மறுபடியும் ஒரு குழலும் தண்டும்!

பம்பு சிறுத்தது, யந்திரம் இளைத்தது. முதலில் லாரியில் ஏறியது. 1930-இல் அமெரிக்காவில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் தம் கம்பெனியின் டீசல் யந்திரத்தைப் பெரிய பாக்கார்டு கார் ஒன்றில் பொருத்தி இண்டியானாவிலிருந்து நியூயார்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழி நெடுக எண்ணெய்ச் செலவு 1 டாலர் 38 சென்ட்! 1936 பிப்ரவரியில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி என்ற டீசல் காரை வைத்தார்கள். 45 குதிரை சக்தி. நடையில் எருமை, சிக்கனத்தில் செட்டியார். அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்ஸிக்காரர்கள். நாள் முழுவதும் ஓடி நாலு காசு மிச்சம் பிடிக்க வேண்டியவனுக்கு வேகம் எதற்கு?

இங்கேதான் டீசலின் கனவு, அவர் மறைந்து இருபத்து மூன்று வருஷம் கழித்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கார், ஒரு ஆள், அவன் குடும்பம். முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே. பழுது பார்ப்பவனும் பெரும்பாலும் அவனே.

யுத்தம் முடிந்த பின் 1949-இல் 170 டி வந்தது. அதன் வம்சத்தில் 180 டி, 190 டி என்று பெருகி, 1976-இல் அதே கம்பெனியார் வெளியிட்ட 123 என்ற வரிசைக் கார்கள் உலகம் முழுவதும் டாக்ஸி நிலையங்களை நிறைத்தன. கிரீஸ் தேசத்தில் ஒரு டாக்ஸிக்காரர் அந்த 1976-ஆம் வருஷத்து 240 டி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, யந்திரத்தை அவ்வப்போது இறக்கிப் புதுப்பித்து மாட்டிக்கொண்டு, 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். பூமியைச் சுற்றிய கணக்குப் பார்த்தால் நூறு தடவைக்கு மேல் வருகிறது. 2004-இல் கம்பெனியார் அந்தக் காரைக் கேட்டு வாங்கித் தங்கள் காட்சிசாலையில் வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கும் டீசல் கார் அந்தச் சமயத்தில்தான் வந்தது. 1973-இலும் 1979-இலும் உலகத்தில் எண்ணெய் விலை மளமளவென்று ஏறியது. 1957 முதல் உத்தரபாராவில் தயாராகிக்கொண்டிருந்த அம்பாசடர் காரில் 1,489 கன சென்டிமீட்டர் டீசல் யந்திரத்தை ஏற்றி விற்கத் தொடங்கினார்கள். 37 குதிரை சக்தி. ஆறு பேரையும் மேலே மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு 37 குதிரைகள் மேட்டில் ஏறும்போது உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து மூச்சுப் பிடிப்பது வழக்கம். ஆனால் டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிக்குப் பக்கமாக இருந்த காலம் அது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊர் ஊராக ஓடியது அந்த வண்டிதான். பம்புக்கும் நாசிலுக்கும் கவலை இல்லை. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி போஷின் பம்பை இங்கேயே செய்தது. நாசிலைச் சோதித்துக் கொடுக்கும் சிறு கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன.

* * *

இப்போது நம் பழைய கேள்விக்கு வரலாம். இந்த யந்திரத்தை வீட்டு வாசலிலேயே பழுது பார்க்க முடிந்தது எப்படி?

பெட்ரோல் காரில் பாதி வியாதி பொறியைப் பற்றியது. கம்பி, சுருள், பிளக், முனை என்று எங்கே மின்சாரம் ஒளிந்துகொண்டது என்று தேட வேண்டும். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதே! டீசலில் அந்தப் பாதி கிடையாது. சுத்தமான எண்ணெய், தாராளமான காற்று, நல்ல அமுக்கம் - இந்த மூன்றும் இருந்தால் யந்திரம் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது. சித்த வைத்தியர் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று மூன்று நாடி பார்ப்பதைப் போல இங்கேயும் மூன்று நாடி.

முதல் நாடி எண்ணெய். 1990-களின் தொடக்கத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, விழுப்புரத்துக்குத் தெற்கே ஒரு புளியமரத்தடியில் எங்கள் வாடகை அம்பாசடர் நின்றுவிட்டது. டாங்கி வறண்டுபோயிருந்தது. டிரைவர் பஸ்ஸில் போய் ஒரு தகரத்தில் டீசல் வாங்கிவந்து ஊற்றினார். அதன் பிறகும் வண்டி கிளம்பவில்லை.

"எண்ணெய்தான் ஊத்தியாச்சே அண்ணே, ஏன் ஓடல?" என்று கேட்டேன்.

"குழாய்க்குள்ள காத்து புகுந்துடுச்சு, தம்பி. எண்ணெயை அமுக்கினா நாசிலுக்குப் போகும். காத்தை அமுக்கினா அது சுருங்கிக்கிட்டு அங்கேயே குந்திக்கும். ஏர் எடுக்கணும்" என்றார் அவர்.

பில்டரின் தலையில் இருந்த சிறு திருகைத் தளர்த்தினார். பம்பின் பக்கத்திலிருந்த கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தார். நுரை நுரையாக டீசல் வழிந்தது. நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை முடுக்கினார். பிறகு நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, செல்ப் போடச் சொன்னார். அங்கேயும் காற்று வெளியேறி டீசல் துளிர்த்ததும் ஒவ்வொன்றாக முடுக்கினார். யந்திரம் ஒற்றைக் காலில் நொண்டி, இரண்டு காலில் நடந்து, பிறகு நாலு காலில் ஓட ஆரம்பித்தது. மொத்தம் கால் மணி நேரம். உபயோகித்த கருவி இரண்டு ஸ்பேனர். அன்று அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ராபர்ட் போஷின் பல வருஷத்துத் தலைவலி முழுவதும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எண்ணெயில் தண்ணீர் கலப்பதும் உண்டு. தண்ணீர் கனமானது, பில்டரின் அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து அவ்வப்போது அதை வெளியேற்றிவிட்டால் போதும். சோம்பலாக விட்டுவிட்டால், மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இழைத்த பம்பு துருப்பிடிக்கும். பில்டரை மாற்றும்போது புதியதில் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டினால் ஏர் எடுக்கும் வேலையும் பாதி குறையும்.

நாலு சிலிண்டரில் எது நொண்டுகிறது என்று கண்டுபிடிக்கவும் சுலபமான வழி இருக்கிறது. யந்திரம் மெதுவாக ஓடும்போது நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். நல்ல சிலிண்டரின் எண்ணெயை நிறுத்தினால் யந்திரம் தள்ளாடும். எதை நிறுத்தியும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கூட்டுக் குடும்பத்தில் யார் வேலை செய்வதில்லை என்பதும், அவர் ஊருக்குப் போயிருக்கும்போதுதானே தெரிகிறது? ஆனால் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் பீறிடும் இடத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகக் கூடாது. நூலிழை போல் வரும் அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். கையையே இழக்க நேரிடும். பட்டால் அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓட வேண்டும். எங்கே கசிகிறது என்று தேட வேண்டுமானால் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது நாடி காற்று. அதைப் புகையே சொல்லிவிடும். கறுப்புப் புகை வந்தால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். காற்று பில்டர் தூசியால் அடைந்திருக்கலாம்; நாசில் தூவாமல் ஒழுகலாம். வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது. யந்திரம் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ராடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஜாதகம் பார்ப்பவர்களைவிட இந்தப் புகை பார்ப்பவர்கள் அதிகம் தவறுவதில்லை.

மூன்றாவது நாடி அமுக்கமும் அதனால் வரும் சூடும். அதிகாலைக் குளிரில் சிலிண்டரின் இரும்பே சூட்டைக் குடித்துவிடும். அதற்காகத்தான் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பி அது சிவக்கும்வரை பொறுத்திருந்து செல்ப் அடிக்க வேண்டும். மிகப் பழைய கார்களில் இந்தப் பிளக்குகள் ஒரே சரமாகக் கோத்திருக்கும். திருவிழாச் சரவிளக்கில் ஒன்று போனால் எல்லாம் அணைவதுபோல ஒன்று கெட்டால் நாலும் செத்துவிடும். பிற்காலத்துக் கார்களில் தனித்தனியாக இணைத்தார்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சிறு பல்பு வழியாகப் பிளக்கின் தலையைத் தொட்டால், நல்ல பிளக்கில் பல்பு எரியும். செத்த பிளக்கில் எரியாது.

வால்வுகளின் இடைவெளியையும் அளவுத் தகடு கொண்டு சரிபார்க்க வேண்டும். தளர்ந்த வால்வு 'டிக் டிக்' என்று புகார் சொல்லும். இறுகிப்போன வால்வோ சத்தமே போடாது. மூடாமல் நின்று, அமுக்கத்தைக் கசியவிட்டு, கடைசியில் கருகிப்போகும். மனிதர்களிடையிலும் கவலைக்கு உரியவர்கள் சத்தம் போடாதவர்களே. யந்திரம் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், ரயில் வண்டி போலக் குப் குப் என்று புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். அந்த வைத்தியம் மட்டும் வாசலில் ஆகாது. யந்திரத்தை இறக்கியே ஆகவேண்டும்.

இன்னும் ஒரு வேடிக்கை. பொறியை நிறுத்தினால் பெட்ரோல் கார் நின்றுவிடும். பொறியே இல்லாத டீசலை எப்படி நிறுத்துவது? எண்ணெயை நிறுத்த வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் இதற்காகவே இழுக்கும் குமிழ் ஒன்று இருக்கும். நான் மேலே சொன்ன 123 வரிசை மெர்சிடிஸில் வெற்றிடக் குழாய் இந்த வேலையைச் செய்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால், சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாலும் யந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை எதிர்பார்த்தே, பானெட்டுக்கு அடியில் 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு சிறு நெம்புகோலை வைத்திருந்தார்கள். சாமானியன் கையால் தொட்டுத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வைத்தார்களே, அந்த மரியாதையைக் கவனியுங்கள்.

* * *

1997-இல் புது மாதிரி டீசல் கார்கள் வரத் தொடங்கின. பழைய கார்களில் நாசில் சுமார் 120 மடங்கு காற்றழுத்தத்தில் திறந்தது. புதியவற்றில் அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டி, பிறகு இரண்டாயிரத்தையும் தாண்டியது. எவ்வளவு எண்ணெய், எந்த நொடியில் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. சத்தம் குறைந்தது, புகை குறைந்தது, சக்தி கூடியது. வாசலில் ஸ்பேனரோடு நின்றவரின் வேலையும் போயிற்று. ஓடும் யந்திரத்தில் நாசில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பரீட்சையை இந்த வண்டிகளில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

இதைக் கேட்டுப் பழைய காரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமாகாது. அந்தக் கறுப்புப் புகை யாருடைய மார்புக்குள் போயிற்று? 2012 ஜூன் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று திட்டவட்டமாக அறிவித்தது. 2015-இல் டில்லிப் பிரதேசத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெருமைக்குப் பின்னால் 46 லட்சம் கிலோமீட்டர் புகையும் இருக்கிறது.

ஆனால் அதே 2015 செப்டம்பரில் இன்னொரு செய்தியும் வந்தது. வோக்ஸ்வாகன் கம்பெனி உலகம் முழுவதும் விற்ற சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்களின் கணிப்பொறியில் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது. பரீட்சை நடக்கிறது என்று தெரிந்தால் கார் யோக்கியமாக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்ததும் நச்சுக் காற்றைத் தாராளமாக விடும். பழைய டீசல் குற்றவாளிதான். ஆனால் தன் குற்றத்தை ஊரறிய வானத்தில் எழுதிக் காட்டிவிடும். பொய் சொல்ல அதற்குத் தெரியாது. அதன் சொந்தக்காரன் அந்த எழுத்தைப் படித்துத் திருத்தவும் முடிந்தது.

ஆகவே பழைய டீசலை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு வாசல் வைத்தியம் பொழுதுபோக்கு அல்ல; சிக்கனம் மட்டுமும் அல்ல. காற்று பில்டரைச் சுத்தம் செய்வதும், ஒழுகும் நாசிலைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சோதிப்பதும், கூடுதல் இழுப்புக்கு ஆசைப்பட்டுப் பம்பின் முத்திரைத் திருகைத் திருகாமல் இருப்பதும் பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்குச் செய்யும் கடமை. கறுப்புப் புகை விடும் காரை 'நன்றாக ஓடுகிறது' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உத்தரபாராவில் 2014-ஆம் வருஷம் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. இன்றைக்கோ மின்சாரத்தில் ஓடும் கார்கள் சத்தமில்லாமல் நம்மைக் கடந்து போகின்றன. அவற்றுக்கு நெருப்பே வேண்டாம். நல்லதுதான், குழந்தைகளின் நுரையீரலுக்கு அதுவே நல்லது. ஆனால் ருடால்ப் டீசல் எழுப்பிய கேள்வி மட்டும் அவற்றின் பின்னாலும் ஓடிவந்துகொண்டே இருக்கிறது: இந்த யந்திரம் யாருடையது? விலை கொடுத்தவனுடையதா, அல்லது அது கெட்டுப்போனால் திறந்து பார்க்கத் தெரிந்தவனுடையதா? கைத்தொழிலாளியின் மகனான அவர் அதற்கு ஒரு பதிலை மனத்தில் வைத்திருந்தார். அந்தப் பதிலைக் கண்ணால் காண அவர் இருக்கவில்லை. பல நாடுகளின் டாக்ஸி நிலையங்களில், அவர் பேர் ஒரு மனிதருடைய பேர் என்றுகூட அறியாதவர்கள், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு அதைச் செய்து காட்டினார்கள்.